மூன்று நூல் கம்பியும் பத்து மில்லிமீட்டர் நட்டும்

மூன்று நூலும் பத்து மில்லிமீட்டரும் ஒன்றல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. என்ன செய்ய, என் பிழைப்பே அதுதான். மேற்குச் சிட்னியில் போல்ட்டும் நட்டும் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், வந்திறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பெட்டியின் மேல் ஓர் அளவு எழுதியிருக்கும், உள்ளே வேறோர் அளவு கிடக்கும். எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்தச் சந்தேகப் புத்தி வீட்டிலும் போகாது என்று என் கணவர் சொல்வார். போகாதுதான். என் கைப்பையில் திருநீறு மடித்த காகிதச் சரையோடு, புரி அளக்கும் தகட்டுக் கொத்து ஒன்றும் எப்போதும் கிடக்கும். விசிறிபோல விரியும் சின்னத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் வெவ்வேறு நெருக்கத்தில் பற்கள் இருக்கும். எந்தத் தகட்டின் பல் இடையில் வெளிச்சம் தெரியாமல் போல்ட்டில் படிகிறதோ அதுதான் அதன் அளவு. போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும் வரியைத்தான் நாங்கள் புரி என்போம். என் சம்பந்தி அதை மரை என்பார். அவர் மதுரைக்காரர், நாங்கள் யாழ்ப்பாணம்.

சம்பந்தி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு வழிநெடுக அவரை நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. மதுரையில் அடுக்குமாடிகள் கட்டிய சிவில் என்ஜினியர். ஓய்வு பெற்றபின் மனைவியோடு வந்து சிட்னியின் கிரவீனில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த மகனைத்தான் என் மகள் கட்டியிருக்கிறாள். சும்மா இருக்கத் தெரியாத ஆள். வந்த வருடமே பின்வளவில் இரும்புத் தூண் நட்டு, மேலே கூரை போட்டு, பெர்கோலா ஒன்று எழுப்பிவிட்டார். அதன் மேல் யானையைக் கட்டித் தூக்கலாம், அவ்வளவு உறுதி.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் ஒன்று அவள் வயிற்றில் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பல மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள் என்று மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த முறை இரண்டு வீட்டாரும் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தோம். ஒருநாள் அவள் பேச்சுவாக்கில், "மாமா, முதுகு நோகுது, ஒரு ஊஞ்சல் இருந்தா நல்லாயிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கிழமையே மதுரைப் பட்டறை ஒன்றில் சம்பந்தி ஊஞ்சலுக்குச் சொல்லிவிட்டார். தேக்குப் பலகை, நாலு பித்தளைக் கம்பிகள். கம்பியின் மேல் நுனி கொக்கியில் தொங்கும். கீழ் நுனி பலகையின் மூலையில் உள்ள துளைக்குள்ளால் இறங்கி வெளியே வரும். அந்த நுனியில் புரி வெட்டியிருக்கும், அதில் நட்டை முடுக்கினால் பலகை அதன்மேல் உட்காரும். இருக்கிற ஆளின் பாரம் முழுக்க அந்த நாலு நட்டில்தான் நிற்கும்.

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் அது அவ்வளவாக வழக்கமில்லை. அவர்கள் வீட்டில் உண்டு. பெண்ணை ஊஞ்சலில் இருத்தி, வளையல் அடுக்கி, ஆரத்தி எடுக்க வேண்டும். எனக்கென்று இருந்தது ஒரே ஒரு நேர்த்திக்கடன்தான். அன்று காலை, ஒரு மணி நேரக் கார் தூரத்தில் உள்ள ஹெலன்ஸ்பர்க் கோயிலில் மகள் பேரில் அர்ச்சனை செய்து, அந்தப் பூவை அவள் தலையில் வைக்க வேண்டும். விடிந்ததும் நானும் கணவரும் வெளிக்கிட்டோம். போனால், எங்களைப் போல நேர்த்தி வைத்தவர்கள் ஒரு பஸ் நிறைய வந்து நிற்கிறார்கள். அர்ச்சனை முடிந்து வெளியே வரச் சுணங்கிவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் ஃபோனைப் பார்த்தேன். சம்பந்தி ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பியிருந்தார். படத்தில் ஊஞ்சல். மல்லிகைச் சரம் சுற்றி, மாவிலை கட்டி, பார்க்கப் பார்க்க அழகு. இன்னொரு படம், கீழே குனிந்து பலகையின் அடியை எடுத்தது. என் தொழிலுக்கு மரியாதை செய்கிறாராம். சிரித்துக்கொண்டே குரல் செய்தியைத் தட்டினேன்.

"சம்பந்தி, வணக்கம். அவசரப்படாம நிதானமா வாங்க. எமகண்டம் பொறக்கறதுக்குள்ள பொண்ண ஊஞ்சல்ல உக்கார வைக்கணும்னு இவ சொல்றா. அதனால நாங்க ஆரம்பிச்சிடுவோம், நீங்க வந்ததும் வளையல் போட்டுக்கலாம். ஊஞ்சல் பிரமாதமா வந்திருக்கு. பார்சல்ல நட்டு மட்டும் வரல. பட்டறையில கேட்டேன், மூணு நூல் கம்பி சார்னான். மூணு நூல்னா பத்து எம்எம் தானே, கடையில வாங்கி மாட்டிட்டேன். மழை படுற எடம்ங்கறதால கால்வனைஸ்டு. ஸ்பேனரே வேணாம், கையாலயே சரசரன்னு ஏறிடுச்சு. கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு, டெஃப்லான் டேப் சுத்தி டைட் பண்ணிட்டேன். உங்ககிட்ட கேக்கலாம்னுதான் நெனச்சேன், கோயிலுக்குப் போற நேரத்துல ஏன் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

டெஃப்லான் டேப் என்பது தண்ணீர்க் குழாயில் கசிவை அடைக்கச் சுற்றுகிற வெள்ளை நாடா. அதைச் சுற்றிய இடத்தில்தான் என் மகள் இருக்கப் போகிறாள்.

"இஞ்சாருங்கோ, காரை எடுங்கோ. கெதியா."

"என்ன, என்ன நடந்தது?" கணவர் இன்னும் சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்திருந்தார்.

"அதை வையுங்கோ! பிள்ளை அந்த ஊஞ்சல்ல இருக்கக் கூடாது."

சம்பந்தியின் எண்ணை அழுத்தினேன். காட்டுக்குள் இருக்கிற ஊர் அது. ஃபோனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சம்பந்தியின் மனைவிக்கு எடுத்தேன். அவருடைய ஃபோன் விசேஷ நாட்களில் படுக்கையறைக் கைப்பைக்குள்தான் இருக்கும் என்பது எனக்கே தெரியும். மகளுக்கு எடுத்தேன். சோடித்து இருத்தியிருக்கும் பெண்ணின் கையில் யார் ஃபோனைக் கொடுப்பார்கள்? மருமகனுக்கு எடுத்தேன். இரண்டு தரம் மணி அடித்ததும் அழைப்பை வெட்டிவிட்டான். அவன் ஃபோனை ஸ்டாண்டில் பூட்டி, மதுரைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஊஞ்சலில் இருத்த வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். போனதா, படித்தானா, ஒன்றும் தெரியவில்லை.

ஹீத்கோட் வீதியில் ஏறினோம். இரண்டு பக்கமும் காடு, ஒற்றை வழி, முன்னால் படகொன்றை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போன சீமான், ஊர்கோலம் போகிற மாதிரிப் போகிறார். முந்த இடமில்லை. இடம் இருந்தாலும் என் கணவர் முந்த மாட்டார்.

"கொஞ்சம் அமத்துங்கோவன்!"

"அமத்தி அந்தப் படகுக்குள்ள ஏறுறதே? நீர் பதறாதையும். அந்த மனுசன் என்ஜினியர் எல்லே. அவருக்குத் தெரியாததே?"

"கட்டடக் கம்பியில அவர் சொல்லுறது சரி. புரியில பிழை."

"நட் ஏறினது எண்டுதானே சொல்லுறார். ஏறினா பொருந்தினதுதானே?"

"ஏறினதுதான் எனக்குப் பயம். ஏறாமல் இருந்திருந்தால் வேற வாங்கப் போயிருப்பார்."

அவருக்கு விளக்கினேன். விளக்கிக்கொண்டிருந்தால்தான் எனக்கு மூச்சு வந்தது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கை நூல் என்பார்கள். இந்தியாவில் கொத்தனாரும் தச்சரும் பட்டறைக்காரரும் இன்றைக்கும் அதில்தான் பேசுகிறார்கள். கட்டடக் கம்பி மில்லிமீட்டருக்கு மாறியபோது மூன்று நூலைப் பத்து என்றும், நாலு நூலைப் பன்னிரண்டு என்றும் வாய்க்கணக்காகச் சொல்லப் பழகினார்கள். காங்கிரீட்டுக்குள் புதைகிற கம்பிக்கு அந்தக் கணக்குப் போதும். சம்பந்தி வாழ்நாள் முழுக்க அப்படியே சொல்லி, அப்படியே கட்டி, கட்டியதெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

ஆனால் மூன்று நூல் என்பது உண்மையில் ஒன்பதரை மில்லிமீட்டரும் துளியும்தான். பத்து மில்லிமீட்டர் நட்டுக்குள் அது அரை மில்லிமீட்டர் மெலிவு. அதோடு போகவில்லை. அந்தக் கம்பியில் ஓர் அங்குலத்துக்குப் பதினாறு புரி. ஓர் அங்குலத்தின் இருபத்தைந்து தசம் நாலு மில்லிமீட்டரைப் பதினாறால் பிரித்தால், ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒன்று தசம் ஆறுக்கு ஒரு மயிரிழை குறைவு. பத்து மில்லிமீட்டர் நட்டில் அந்த இடைவெளி ஒன்றரை. முதல் சுற்றில் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். நாலைந்து சுற்றில் ஆளுக்கொரு வழி. நட்டு முழுக்கப் பிடித்திருக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் ஒரு புரியோ இரண்டோதான் பிடித்திருக்கும்.

"ஒண்டு ரெண்டு பிடிச்சாலும் பித்தளை எல்லே, தாங்காதோ?" என்றார் கணவர். அவர் குரலிலும் இப்போது தைரியம் குறைந்திருந்தது.

"கேளுங்கோ. அவர் வாங்கினது கால்வனைஸ்டு. துத்தநாகம் பூசின நட்டுக்கு, பூச்சு இருக்க இடம் வேணும் எண்டு உள்புரியை இன்னும் அகலமா வெட்டுவாங்கள். அதுக்கேத்த தடிச்ச போல்ட் போட்டாச் சரி. இது பூச்சில்லாத கம்பி. அதிலயும் பட்டறைக்காரன் கம்பியை மினுக்கேக்க புரியையும் சேர்த்து மினுக்கிப்போட்டான். இந்தப் படத்தில பாருங்கோ, நுனியெல்லாம் பொன் மாதிரித் தேய்ஞ்சு கிடக்கு."

"நான் ஓட்டுறன். எனக்குக் காட்டாதையும்" என்றவர், வாழ்க்கையில் முதல்தடவையாக, வழி இரண்டு தடமாக விரிந்த இடத்தில் அந்தப் படகை முந்தினார்.

எனக்குள்ளும் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. ஒருவேளை தாங்கினால்? ஏதோ ஒரு புரி இறுகப் பிடித்திருந்தால்? அத்தனை பேர் முன்னால் போய் நின்று, சம்பந்தி ஆசையாசையாய்ச் செய்வித்ததைக் குற்றம் சொல்லி, நல்ல காரியத்தை நடுவில் நிறுத்தி, பிறகு ஒன்றுமே இல்லையென்று ஆனால்? மகள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். பெண்ணின் அம்மா வாய்க்காரி என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு, அதில் பொய்யும் இல்லை. ஆனால் பலகை ஒரு மூலையில் இறங்கினால் ஏழுமாத வயிறு எந்தப் பக்கம் சரியும் என்று நினைத்தபோது தராசு நின்றுவிட்டது. குற்றம் சொன்னவள் என்ற பெயரோடு நான் வாழ்ந்துகொள்வேன்.

நெடுஞ்சாலை முழுக்க மாறி மாறி நாலு எண்ணுக்கும் எடுத்தேன். சம்பந்திக்குச் சொல்ல வேண்டிய சொற்களை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கூர் தீட்டினேன். கேட்டிருக்கலாமே ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தொந்தரவாம். நான் உம்முடைய சம்பந்தியா, தாசில்தாரா?

கிரவீனில் தெரு நிறையக் கார். கணவர் நிறுத்த இடம் தேட, நான் ஓடும் காரிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, வீட்டின் பக்கவாட்டுக் கதவால் பின்வளவுக்குப் போனேன். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது.

அவள் ஊஞ்சலில் இருந்தாள். பச்சைப் பட்டு, கழுத்தில் ரோஜா மாலை, தரையில் படாத கால்கள். சம்பந்தி பின்னால் நின்று இரண்டு விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் போல நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"இதோ, பொண்ணோட அம்மா வந்துட்டாங்க!" சம்பந்தியின் அக்கா என் கையைப் பிடித்தார். இதற்கென்றே மதுரையிலிருந்து வந்தவர். "வாங்க வாங்க, அவ பக்கத்துல உக்காருங்க. அம்மாவும் பொண்ணும் சேந்து ஆடுனாத்தான் அழகு." இன்னொரு பெண் என் மற்றக் கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக என்னை ஊஞ்சலுக்கு இழுக்கிறார்கள். அவளுடைய பாரத்தோடு என் பாரத்தையும் சேர்த்து ஏற்றப் பார்க்கிறார்கள். நான் காலை ஊன்றிக்கொண்டு குனிந்து பலகையின் அடியைப் பார்த்தேன்.

படத்தில் நாலு மூலையிலும் நட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது மூன்றில்தான் அப்படி இருந்தது. மகளின் இடது கைப்பக்கத்துப் பின்மூலையில், கம்பியின் நுனி நட்டோடு மட்டமாக நின்றது. நட்டின் வாயிலிருந்து வெள்ளை நாடா நூலாகப் பிதுங்கித் தொங்கியது. பலகையும் அந்தப் பக்கம் ஒரு துளி சாய்ந்திருந்தது. பூப்பாரம் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

கைகளை உதறிக்கொண்டு போய் அந்த மூலையைக் கீழிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன்.

"ஒருத்தரும் ஆட்டாதேங்கோ!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

"என்னாச்சு சம்பந்தி?"

"பிள்ளையை இறக்கோணும். இந்த நட் கம்பிக்குப் பொருந்தேல்ல."

"நல்லாப் பொருந்தியிருக்கே." அவர் சிரித்தார், ஆனால் முகம் சுருங்கத் தொடங்கியது. "காலைல நானே உக்காந்து ஆடிப் பாத்துட்டேன். என் வெயிட்டையே தாங்கிச்சு. இவ பூ மாதிரி."

"ஆரத்தி எடுக்காம பாதியில எந்திரிக்கக் கூடாதுங்க" என்றார் அக்கா. "வயித்துப் புள்ளைக்காரி. அபசகுனமாப் பேசாதீங்க."

மகள் குனிந்து என் காதருகே, "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம். இட்ஸ் ஃபைன்" என்றாள். அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது. எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போலவும் இருந்தது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்போலவும் இருந்தது.

அப்போது என் கணவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, எனக்கு எதிர்மூலையில் முழங்காலில் இருந்து பலகையைத் தாங்கிக்கொண்டார். படகை முந்தியதற்கும் இதற்குமாக அவருடைய பழைய கணக்கையெல்லாம் அன்றே நான் தள்ளுபடி செய்துவிட்டேன்.

நான் சம்பந்திக்குச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நூல் பத்து இல்லை, ஒன்பதரை. பதினாறு புரிக்கு ஒன்றரை ஒத்துப்போகாது. அவர், "அரை எம்எம் தானே சம்பந்தி, டேப் சுத்தியிருக்கேனே" என்றார். பிடிவாதத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அரை மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. சுற்றி நின்றவர்களுக்கோ நான் ஏதோ வேற்று மொழியில் மந்திரம் சொல்வதுபோல.

சம்பந்தியின் மனைவி வளையல் தட்டோடு நின்றிருந்தார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு வழி தெரிந்தது.

"சம்பந்தியம்மா, போன கிழமை வளையலைக் கொண்டுபோய் மாத்தினீங்கள் எல்லே, ஏன்?"

"அவ கை வீங்கியிருக்கே. ரெண்டு நாலு ஏறல. ரெண்டு ஆறு வாங்கினேன்." இதை ஏன் இப்போது கேட்கிறாள் என்பது அவர் முகத்தில் இருந்தது.

"ரெண்டு நாலுக்கும் ரெண்டு ஆறுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"ஒரு நூல்தான்."

"ஒரு நூல்தானே எண்டு விட்டீங்களோ? பிள்ளை பிறந்து வீக்கம் வத்தினாப் பிறகு இந்த ரெண்டு ஆறு கையில நிக்குமோ?"

"எங்க நிக்கும், கழண்டு விழுந்துரும்" என்றவர் அப்படியே நிறுத்தினார்.

"கழண்டு விழாமல் இருக்கக் கையில நாடா சுத்திப் போடுவீங்களோ?"

தட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, எழுபதை நெருங்கும் அந்த அம்மா தரையில் கையூன்றிக் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். தொங்கிய வெள்ளை நாடாவைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எந்திரிம்மா."

"அத்தை, ஆரத்தி..."

"ஆரத்தி கெடக்கு. அத்தை கழுத்தப் புடிச்சுக்க. மெதுவா. உன் பாரத்த எம்மேல போடு."

நாங்கள் இருவரும் கீழே தாங்க, அவர் அணைத்துத் தூக்க, மகள் எழுந்தாள். இரண்டடி நகர்ந்து நின்றாள். என் கை அப்போதும் பலகையிலேயே இருந்தது, எடுக்கப் பயமாக இருந்தது.

அக்கா முணுமுணுத்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். சம்பந்தியின் முகம் கறுத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவர் கட்டிய ஒன்றை யாரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. "சரி, நகருங்க சம்பந்தி. நான் உக்காந்து காட்டுறேன்" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"இருக்காதேங்கோ." நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சம்பந்தியின் கையை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. "இந்த மூலையைக் கையால அமத்திப் பாருங்கோ. அது போதும்."

நானும் கணவரும் விலகினோம். அவர் உள்ளங்கையை அந்த மூலையில் வைத்து, மேசையில் ஊன்றுவதுபோல ஊன்றினார்.

கம்பி துளைக்குள்ளால் உருவிக்கொண்டு மேலே போனது. பலகையின் மூலை டைல் பதித்த தரையில் மோதி, தேக்கு விளிம்பு சிதறியது. ஒரு நிமிடத்துக்கு முன் அவள் இருந்த இடத்துக்கு நேர் அருகில்தான் அந்த மூலை. ஊஞ்சல் முழுக்கப் பின்பக்கம் கவிழ்ந்து ஆடியது. நட்டு வெள்ளை நாடாவை இழுத்துக்கொண்டு உருண்டு போய் ஒரு பூந்தொட்டியில் தட்டி நின்றது.

மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தி அந்த நட்டைப் போய் எடுக்கவில்லை. ஊஞ்சலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார், மிக மெதுவாக.

"காலைல நான் உக்காந்தப்ப தாங்கிச்சே?"

"நீங்கள் இருந்ததிலதான் பித்தளை மழுங்கினது. இரும்பு நட் அதை அரைச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு பிடிக்க ஒண்டுமில்லை."

வழிநெடுகக் கூர் தீட்டிய சொற்கள் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் வராது. தன் மருமகளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து எதைச் செய்தாரோ, அதுவே அவளைக் கொண்டுபோய் விளிம்பில் இருத்தியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்டாண்டில் இருந்த ஃபோனிலிருந்து குரல்கள் வந்துகொண்டிருந்தன. மதுரையில் அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். "என்ன ஆச்சு? ஏன் ஊஞ்சல் சாஞ்சிடுச்சு? யார் தள்ளினது?" மருமகன் அதை அணைக்கப் போனான். சம்பந்தி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஃபோனுக்கு முன்னால் போய் நின்றார்.

"யாரும் தள்ளல. நான்தான் தப்பா மாட்டிட்டேன். மூணு நூலும் பத்து எம்எம்மும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன். சம்பந்தி வந்து நிறுத்தலன்னா..." மருமகன் ஃபோனை அணைத்துவிட்டு அப்பாவின் முதுகில் கை வைத்தான்.

அக்கா அபசகுனம் என்ற சொல்லை மறுபடி எடுக்கவில்லை. சம்பந்தியின் மனைவி பின்வளவின் நடுவில் பாய் விரித்து, ஜமுக்காளம் போட்டு, என் மகளைத் தரையில் இருத்தினார். நான் ஹெலன்ஸ்பர்க்கிலிருந்து கொண்டுவந்த பூவை அவள் தலையில் வைத்தேன். முதல் வளையலை என்னைப் போடச் சொன்னார்கள். நான் கோணலாகப் பிடித்ததில் இரண்டு ஆறு வளையலே ஏற மாட்டேன் என்றது. மகள்தான் என் கையைப் பிடித்து, வளையலைத் தன் கைக்கு ஏற்றிக்கொண்டாள். பிறகு என் உள்ளங்கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன், எல்லோரும் பார்க்க.

ஒவ்வொருவராக வந்து மஞ்சள் அரிசி தூவினார்கள். சம்பந்தி வரவில்லை. ஊஞ்சலின் அருகில் ஒரு கதிரையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கூப்பிட்டார், மகன் கூப்பிட்டான். "நீங்க முடிங்க, நான் அப்புறம் வர்றேன்" என்றார். அப்புறம் வருகிற ஆள் இல்லை அவர், எனக்குத் தெரியும். எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன். அதுவரை நான் அவரைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"எழும்புங்கோ அண்ணை. பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள்."

வந்தார். ஒரு பிடி அரிசியை அள்ளினார். கையை அவள் தலைக்கு மேலே கொண்டுபோனார். கை ஆடிய ஆட்டத்தில் அரிசி பாதி அவர் வேட்டியிலும் மீதி பாயிலும் சிந்தியது. ஒரு மணிகூட அவள்மேல் விழவில்லை. அவர் வெறுங்கையோடு அப்படியே நின்றார், இன்னொரு பிடி அள்ளத் துணிவில்லாமல்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் எழும்பினாள். தலையைக் கொண்டுபோய் அவருடைய நடுங்கும் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "மாமா" என்றாள்.